இடுப்பில் ஒரு குருவி

"நாற்பது நாய்களின் இடுப்பில் ஆளுக்கொரு குருவி கட்டப்பட்டது."

போன் திரையில் இருந்ததைக் குட்டி சத்தமாகப் படித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி இது, பாவம்! நாய்க்கு எதுக்கு குருவி?"

"நான் எங்க சித்தி அப்படிச் சொன்னேன்? நாற்பது நோயாளிகள், ஆளுக்கொரு கருவி. எத்தனை அடி நடக்கறாங்கன்னு எண்ணற கருவி. நான் ஒண்ணு சொன்னா இந்தப் போன் ஒண்ணு எழுதித் தொலைக்குது."

குட்டி நர்சிங் இரண்டாம் வருஷம். நாடு விட்டு நாடு வந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். எதை எழுதுவதானாலும் முதலில் போனிடம் தமிழில் சொல்வாள். பிறகு கல்லூரி மொழிக்கு மாற்றுவாள். இன்றைக்கு ஓர் ஆய்வைப் படித்து விமர்சனம் எழுத வேண்டும். 'தினமும் நடந்தால் ஆஸ்துமா குறையும்' என்று அடித்துச் சொல்லும் ஆய்வு. போன வருஷம் இதே ஊர் ஆஸ்பத்திரியில், பன்னிரண்டு வாரம் நடந்தது. அதில் உருப்படியாக ஒரு குறை கண்டுபிடித்து ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மணி ஐந்து பத்து.

"ஆள் பத்தாதுன்னு எழுதிடேன்" என்றாள் சித்தி.

"எழுதலாம். 'ஆள் பத்தாதுன்னு எங்க வீட்டுப் பூனைகூட சொல்லும், நீ என்ன சொல்றே?'ன்னு டீச்சர் கேப்பாங்க."

ஹாலிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. குரலுக்கு முன்னால் சிகரெட் புகை வந்தது.

"ஏம்மா, நடந்தா நோய் போகும்னு எவன் சொன்னான்? போன வருஷம் உங்க சித்தி என்னைத் தினம் சாயங்காலம் வீட்டை விட்டுத் துரத்தினாளே, எனக்கு என்ன போச்சு? ரெண்டு ஜோடி செருப்பு போச்சு!"

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல, அதுக்குத்தான்" என்று சித்தி இங்கிருந்தே கத்தினாள். கத்தியதில் இருமல் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு இன்ஹேலரை ஓர் இழுப்பு இழுத்தாள்.

"சர்க்கரைக்கு நடக்கறவன் கொளுத்தற வெயில்ல கறுப்புக் கோட்டு எதுக்குடி போடணும்? வழியில பாக்கறவன் எல்லாம் என்னை வக்கீல்னு நெனைச்சு கேஸ் சொல்ல ஆரம்பிச்சுட்டான்!"

"கோட்டு போட்டாத்தான் நீங்க மனுஷன் மாதிரி இருக்கீங்க. பேசாம பேப்பர் படிங்க."

குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஐந்து முப்பது. 'குறை' என்று தலைப்பு மட்டும் போட்டு வைத்திருந்தாள். அதையும் போன் 'குரை' என்று எழுத, கையால் திருத்தியிருந்தாள். தலைப்புக்குக் கீழே பாலைவனம். ஏதாவது சொல்லிப் பார்ப்போம் என்று மறுபடி மைக்கை அழுத்தினாள்.

"எல்லாம் இந்த இருபத்து மூணாம் நம்பரால வந்த வினை" என்றாள்.

சித்தி நிமிர்ந்தாள். "யாரது?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க, நம்பர்தான். மத்தவங்க மழைன்னு ரெண்டு நாள், கல்யாணம்னு ரெண்டு நாள் மட்டம் போட்டிருக்காங்க. இந்த ஆள் ஒரு நாள்கூட விடல. தினமும் ஒன்பதாயிரம் அடி! மூச்சு அளக்கற குழாயில ஊதச் சொன்னா மொதல்ல இருநூத்துப் பத்து, கடைசில முந்நூத்து நாப்பது. இந்த ஒரு ஆளைக் கழிச்சுட்டா மொத்த ஆய்வும் படுத்துரும்."

"அப்ப கழிச்சுடு."

"எப்படிக் கழிக்கறது? நெஜமா நடந்திருக்கு, நெஜமா மூச்சு கூடியிருக்கு. அந்த மகராசி மட்டும் கையில கிடைச்சா..."

"மகராசியா? பொம்பளைன்னு போட்டிருக்கா?" சித்தியின் குரல் ஒரு மாதிரி இறங்கியது.

"பொம்பளை, வயசு ஐம்பத்திரண்டுன்னு மட்டும் இருக்கு. நல்லா இருக்கட்டும். அவங்க நடந்து நடந்து என்னை ஊருக்கு அனுப்பி வெக்கப்போறாங்க."

குட்டியின் கண் கலங்கிவிட்டது. "அப்பாகிட்ட என்ன சொல்வேன் சித்தி? மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சுன்னு எப்படிச் சொல்வேன்?"

சித்தி கையைத் துடைத்துக்கொண்டாள். ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"அழாதே. அந்த இருபத்து மூணு ஒரு அடிகூட நடக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆய்வுல சேரச் சொல்லி அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணு அவ்வளவு கெஞ்சிக் கேட்டுச்சு, மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. முழங்கால் ஒத்துழைக்கல. அதான் கருவியை உங்க சித்தப்பா கோட்டுப் பையில போட்டு அனுப்பிட்டேன். அவர் வெளியே போனா சிகரெட்டும் கூடவே வெளியே போயிடும். திரும்பி வந்தா அலுப்புல சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவார். நடந்தது அவரு, மூச்சு வந்தது எனக்கு."

குட்டி வாயைப் பிளந்தபடி போனைப் பார்த்தாள். மைக்கை அணைக்க மறந்திருந்தாள். 'குறை' என்ற தலைப்புக்குக் கீழே, அவளுடைய புலம்பலுக்கு அடுத்து, சித்தியின் வாக்குமூலம் முழுசாக இறங்கியிருந்தது. கருவியைக்கூட, முதல் தடவையாக, கருவி என்றே எழுதியிருந்தது அந்தப் போன்.