துளையருகே ஒரு துரு

ரோஸ்லின் வீட்டுக் குளியல் தொட்டி வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. புதுப் பூச்சு அடிப்பதற்காக அவள் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். தண்ணீர் வெளியேறும் துளையருகே, அழுக்குக் கறைக்கு அடியில், துரு அரித்த இடம் ஒன்று இருந்தது. அது தெரிந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று தொட்டி பயந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் மட்டும் வேண்டாமே," என்று உப்புத்தாளிடம் கெஞ்சியது.

"தேய்ச்சாத்தானே தம்பி அவங்க கண்ணுல படும்? துருவை அடைக்கிறதுக்குப் பட்டிப் பசைகூட வாங்கி வச்சிருக்காங்க," என்றது உப்புத்தாள்.

"அடைக்காம என்னைத் தூக்கிப் போட்டுட்டா?"

உப்புத்தாளுக்குப் பாவமாகப் போயிற்று. அந்த இடம் வந்ததும் பட்டும் படாமலும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பூச்சு காய்ந்ததும் தொட்டி பளபளத்தது. ரோஸ்லினின் கணவர் எட்டிப் பார்த்து, "புதுசு மாதிரியே இருக்கே!" என்றார். தொட்டிக்கு அது காதிலேயே விழவில்லை. அது துளையருகேயே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் அவர் குளித்துவிட்டுப் போனதும் அங்கே பூச்சு லேசாக உப்பியது.

"அது என்ன?" என்று பக்கத்திலிருந்த வாளி கேட்டது.

"ஒண்ணுமில்லை, தண்ணீர்த் துளி," என்றது தொட்டி.

மறுநாள் அந்தத் துளி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.