தையல் பிரிக்கும் நாள்

அரிவாளின் நுனி நர்ஸ் சம்பூர்ணத்தின் தொண்டையில் அழுந்தியிருக்க, எதிரே உட்கார்ந்து டாக்டர் ஜெசிந்தா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுவதுண்டா.

"இன்னா டாக்டரே, பொண்ணு பாக்க வந்தா மாரி கேட்டுகினே கீற?" என்றான் அரிவாள்காரன். பெயரை ஜெயக்குமார் என்று சொல்லியிருந்தான். ஐம்பது வயது, தொங்கிப்போன கன்னம், கழுத்தில் இரண்டு மடிப்பு.

போன வாரம் நாவலூரில் பட்டப்பகலில் ஒருவனை வெட்டிப் போட்டவன். கேமராவில் சிக்கிய அந்த முகத்தை டோல்கேட்டிலிருந்து டீக்கடை வரை ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் மாமல்லபுரத்துக்கு வெளியே தனியாக நிற்கும் இந்தக் கிளினிக்கைத் தேடிப் பிடித்து நுழைந்திருந்தான்.

"மூஞ்சிய மாத்து. மயக்க ஊசி வேணாம். நான் முழிச்சிகினே இருப்பேன். இவ என் பக்கத்துலயே இருப்பா."

ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தாள். "முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஃபேஸ் லிஃப்ட் வேற ஆளோட மூஞ்சியைத் தராது. தொங்கற சதையை மேலே இழுத்துக் கட்டும், அவ்வளவுதான். வர்றது உங்க பழைய மூஞ்சி."

"அது போதும். அந்த மூஞ்சிக்கு போலீஸ்ல போட்டோவே இல்ல."

இளவயதில் எடுத்த படம் ஒன்றிருந்தால் தனக்கு உதவும் என்றாள். எல்லாவற்றையும் எப்போதோ கொளுத்திவிட்டதாகச் சொன்னான்.

அவள் எழுந்து வந்து அவன் காதோரம் விரல் வைத்துப் பார்த்தாள். தையல் ஓட வேண்டிய இடம் அது. இடது காதில் பாதி மடல் இல்லை. விரல் அங்கேயே நின்றது.

எப்படிப் போச்சு என்றாள். நாய் கடித்தது என்றான். நாய்ப் பல் இப்படி அரைவட்டமாக இறங்காதே என்று அவள் முடிப்பதற்குள், புறங்கை வீச்சில் அவள் உதடு கிழிந்தது. அதே வேகத்தில் சம்பூர்ணத்தின் சுண்டு விரலைப் பின்னால் மடக்கி முறித்தான்.

"இன்னொரு கேள்விக்கு இன்னொரு வெரலு."

ஜெசிந்தா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ இல்லாவிட்டால் பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள்.

மரத்துப்போகிற ஊசியோடு ஐந்து மணி நேரம். தோலைப் பிரித்துத் தூக்கியபோதும் அவன் கண்ணை மூடவில்லை. பக்கத்தில் கட்டிப் போட்டிருந்த சம்பூர்ணத்தின் வயிற்றிலிருந்து அரிவாள் நகரவில்லை.

ஜெசிந்தாவின் கத்திக்கும் அவன் கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்க்கும் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. இரண்டு முறை அங்கே பார்த்தாள். இரண்டு முறையும் சம்பூர்ணத்தின் வயிற்றைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பத்து நாள். வாசலில் 'டாக்டர் வெளியூர்' என்று பலகை தொங்கியது. இருவருடைய போன்களும் அவன் பையில் இருந்தன. ராத்திரியில் இருவரையும் கட்டிப் போட்டுவிட்டுத்தான் தூங்கினான். தையல் பிரித்ததும் இரண்டு பேர் கதையும் முடிந்தது என்று அவன் ஒளிக்காமலே சொல்லியிருந்தான். புது முகத்தைப் பார்த்த கண்களை மிச்சம் வைக்கிற வழக்கம் அவனுக்கில்லை.

மூன்றாம் நாள் அவன் பீடி பற்றவைக்கப் போனபோது, விரல் வீங்கிக் கிடந்த சம்பூர்ணம் சிரித்தாள். "இழு நைனா. தோலு கறுத்து அழுவிப்போவும். அப்பால எந்த மூஞ்சிய வெச்சிகினு ஓடுவ?"

பீடியை நசுக்கி எறிந்தான். அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் படுத்தான்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணி. நாற்காலியில் அவன் சாய்ந்திருக்க, ஜெசிந்தா பின்னால் நின்று ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். இடது காதுக்குப் பின்னே ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கனமான மரச்சட்டக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. ரெண்டு காதும் தெரியணும்."

பத்து நாளில் முதல் தடவையாக அரிவாளைக் கையிலிருந்து விட்டு, காலடியில் போட்டான்.

கண்ணாடியைப் பார்த்தவனின் வாய் பிளந்தது. கன்னம் இழுத்துப் பிடித்து நின்றது. தாடை எலும்பு தெரிந்தது.

"இருவத்தஞ்சி வருசம் முந்தி, சதுரங்கப்பட்டினத்துல ஒரு போட் ஓனர வூடு பூந்து வெட்டுனேன். காத கடிச்சித் துப்பிட்டுத்தான் செத்தான். அன்னிக்கு இருந்த அதே மூஞ்சி. பாத்தவன் ஒருத்தன்கூட உசுரோட இல்ல. போட்டோ இல்லாம எப்டி டாக்டரே கொண்டாந்த?"

கடைசித் தையலை அறுத்த கத்தி திரும்பி வரவில்லை. காதுக்குக் கீழே, கழுத்து துடிக்கிற இடத்தில் அழுந்தி நின்றது. கண்ணாடியில் அவன் முகத்துக்கு மேலே அவள் முகம் தெரிந்தது.

"எங்கப்பா கட்டிலுக்கடியில நான் இருந்தேன், கேசவா."