முதல் பெயர் வேண்டாம்

"என் பொண்ணுக்கு நீங்க சீட் கொடுக்கக் கூடாது மேடம்."

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த துறைத் தலைவியின் பேனா பாதியில் நின்றது.

உளவியல் துறையில் பதினாறு வருடமாக இருக்கிறார். சீட் கேட்டுக் கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறார், மிரட்டியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறார். கொடுக்காதே என்று வந்து நிற்கிற அப்பாவை இப்போதுதான் பார்க்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு லிஸ்ட் ஒட்டுவீங்களாமே. அதுல அவ பேர் வரக் கூடாது. மார்க் பத்தலைன்னு ஏதாவது சொல்லிடுங்க."

கழுத்தில் தீயணைப்பு நிலையத்து அடையாள அட்டை. தலைவி நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

தலைவி ஒரு ஃபைலை இழுத்துப் பிரித்தார்.

"மூணு வருஷத்தை எப்படிப் படிக்கப் போறீங்கன்னு எழுதித் தரச் சொல்லியிருந்தோம். மத்தவங்க அரைப் பக்கம் எழுதினாங்க. உங்க பொண்ணு ஒன்பது பக்கம்! எந்த வருஷம் எந்தப் பாடம், லீவுல எந்த ஆஸ்பத்திரியில பயிற்சி, எல்லாம் இருக்கு. லிஸ்ட்ல முதல் பேரே அவளுதுதான்."

"நல்லா எழுதுவா மேடம்" என்றார் அவர். அந்தப் பெருமையைக் கேட்டதும் தலைவிக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

பக்கத்து மேஜை கிளார்க் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"பைத்தியக்கார டாக்டர்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்கன்னு பயமா?"

"யார் சிரிச்சா எனக்கென்ன?"

"பின்ன என்னதான் சார் உங்க பிரச்சினை?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பெத்த பொண்ணு படிப்புல நீங்களே மண்ணள்ளிப் போடறீங்க. கேட்கவே வாய் கூசலையா உங்களுக்கு?" தலைவி விண்ணப்பத்திலிருந்த எண்ணைப் பார்த்துப் போனில் அழுத்தினார். ஸ்பீக்கரையும் போட்டார். "உங்க எதிர்லயே சொல்றேன், கேளுங்க."

"மேடம், வேண்டாம்…"

"பேசாம இருங்க. ஹலோ, வாழ்த்துகள்மா! எங்க துறையில உனக்குத்தான் முதல் இடம்."

சந்தோஷக் கூச்சல் வரும் என்று தலைவி காத்திருந்தார். வரவில்லை.

"ரொம்ப நன்றி மேடம்." பல் பிடுங்க நாள் குறித்துக் கொடுத்தது போல இருந்தது குரல். "ஒண்ணு கேக்கலாமா? பெரிய விபத்தைப் பார்த்து மனசு உடைஞ்சவங்களைச் சரி பண்ற பாடம் மூணாவது வருஷம்தான் வருது. அதை மட்டும் எனக்கு முதல் மாசமே சொல்லித் தர முடியுமா? மத்ததெல்லாம் எப்ப வந்தாலும் பரவாயில்ல."

தலைவி நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இரும்மா, நானே திரும்பக் கூப்பிடறேன்." போனை வைத்தார். "யாருக்காக சார் கேக்கறா?"

"எனக்காகத்தான்."

இப்போது அவராகவே உட்கார்ந்தார்.

"நான் வண்டி ஓட்டறவன் மேடம். ரெண்டு வருஷம் முன்னால ஒரு கிடங்குல தீ. பக்கத்து சீட்ல பேசிக்கிட்டே வந்தவன் உள்ள போனான், வெளிய வரலை. அன்னிலேர்ந்து கதவு படீர்னு சாத்தினாக்கூட நான் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துடுவேன். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். அவளும் வந்து அடியில உட்கார்ந்துக்குவா."

கிளார்க் அம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அதுக்கு முன்னாடி வீட்ல கால் வைக்க இடம் இருக்காது. எங்க பார்த்தாலும் அட்டையில பாலம் கட்டி வெச்சிருப்பா. அவ்வளவையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டா."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நாலாகக் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பாலம் கட்டும் இன்ஜினீயரிங் படிப்புக்கு இடம். சேர நாளைதான் கடைசி நாள்.

"குப்பைக் கூடையில கிடந்துச்சு."

"அவகிட்டயே பேசலாமே சார்?"

"பேசினேன். 'எனக்கு மனசு படிப்புதான்ப்பா பிடிக்கும்'னு சிரிக்கறா. டாக்டர்கிட்ட போங்கப்பான்னு ரெண்டு வருஷமா கெஞ்சினா. வீம்பு, போகலை. இதைப் பார்த்தப்புறம்தான் போனேன். முதல் நாள் பாதியில எழுந்து ஓடி வந்துட்டேன். நேத்துதான் முழுசா உட்கார்ந்தேன். அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?" அவர் கடிதத்தைத் தடவினார். "நோவு எனக்கு மேடம். மருந்தை அவ எதுக்கு மூணு வருஷம் குடிக்கணும்?"

தலைவி அதே எண்ணை மறுபடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவரிடம் நீட்டினார்.

"அவ பேரை நான் எடுக்க முடியாது. இப்ப என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அம்மாடி… அப்பாதான். காலேஜ்லதான் இருக்கேன். நான் டாக்டர்கிட்ட போக ஆரம்பிச்சிட்டேன்மா. உன் லெட்டரும் என்கிட்டதான் இருக்கு. ஒட்டி வெச்சிருக்கேன்."

"டாக்டர்கிட்ட… நீங்களாவா போனீங்க?"

"நானாத்தான்."

"திரும்பவும் போவீங்களா?"

"வர்ற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போவேன்."

ஒன்பது பக்கம் திட்டம் எழுதிய அந்தப் பெண், ஆறு வயசுக் குழந்தை மாதிரிக் கேட்டாள்:

"அப்போ… நான் பெட்டி கட்டட்டுமாப்பா?"