அனுப்புநர் குரல்

சேந்தன் எழுந்து பல் தேய்த்தான். பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காப்பி கலந்தான். பிறகு கணினியைத் திறந்தான். மனைவி மதிவதனி இறந்து மூன்று வாரமாகியும் அவளுடைய மின்னஞ்சல் கணக்கு அவள் அம்மாவுக்குத் தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் பதில் எழுதத் தொடங்கியிருந்தார். கணக்கை மூடச் சொல்லி அதிலிருந்து அவன் அனுப்பிய அஞ்சல் மட்டும் இன்றும் திரும்பி வந்தது: ‘அனுப்புநர் குரல் சரிபார்க்கப்படவில்லை.’

உதவி மையத்தை அழைத்தான்.

“மேடம் கணக்குலேர்ந்து மெயில் போகணும்னா மேடம்தான் ‘அனுப்பு’ன்னு சொல்லணும் சார். செட்டிங் அப்படி,” என்றாள் அங்கிருந்த பெண்.

“அவ செத்துட்டாம்மா.”

“தெரியும் சார். அவங்க குரலை நாங்களே செஞ்சு வெச்சிருக்கோம். அவங்கம்மாவுக்குத் தினமும் மெயில் போறதும் அதுலதான். கேளுங்க.”

“அனுப்புங்க, என் செல்லமே,” என்றது மதிவதனியின் குரல். நான்கு வருடத்தில் அவள் ஒருநாளும் அவனைச் செல்லமே என்றதில்லை.

“சீ! நிறுத்தும்மா அதை.”

“அப்போ இன்னொரு வழி இருக்கு சார். அவங்க உங்ககிட்ட கடைசியா என்ன பேசினாங்கன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி ரூம் மைக்ல பதிவாகியிருக்கு. ஒப்பிட்டுப் பாத்துக்கறோம்.”

அந்த அறையிலும் காது வைத்திருந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

“டேய் மக்கு, வாந்தி வருது. அந்த பேசினை எடு.”