டப்பாவுக்குள் அடங்காத ராஜகுமாரி

கேசட் டப்பா மூடவில்லை.

வெள்ளைத்துரை விரலால் அமுக்கினார். முழங்கையால் அழுத்தினார். உள்ளே மடித்து வைத்திருந்த தாள் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"சந்தானம் அண்ணே, உள்ள வைக்கச் சின்னக் குறிப்புதானே எழுதச் சொன்னேன்?"

"குறிப்புதான் தம்பி இது."

"கேசட்டை வெளிய எடுத்தாத்தான் டப்பா மூடுது. வாங்குறவன் உங்க குறிப்பையா பாட வைப்பான்?"

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வெள்ளைத்துரைக்கு சவுண்ட் சர்வீஸ் கடை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டித் திருவிழாவில் நடந்த நாடகம் ஒன்றை அவருடைய அப்பா பெரிய டேப்பில் பிடித்து வைத்திருந்தார். இப்போது தெருவுக்குத் தெரு கேசட் கடை. அதைக் கேசட்டாகப் போட்டு நாமும் பெயர் வாங்கலாமே என்று வெள்ளைத்துரைக்கு ஆசை வந்துவிட்டது.

குறிப்பு எழுத நாடகப் பைத்தியமான சந்தானத்தைப் பிடித்தார். தப்பு அங்கேதான். தபாலாபீஸ் குமாஸ்தாவான சந்தானம், பத்திரிகைக்கு எழுதும் வாசகர் கடிதத்தையே அஞ்சு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவர்.

"வைகை எங்க உற்பத்தியாகுதுன்னு எதுக்குண்ணே?"

"ஆறு இல்லாம ஊரு ஏது தம்பி? ஊரு இல்லாம நாடகம் ஏது?"

வெள்ளைத்துரை பேனாவை எடுத்து வைகையை அடித்தார். பாண்டிய மன்னர்களை அடித்தார். மதுரைக்கு மைக் வந்த கதையை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தானம் தன் முதுகில் விழுந்த மாதிரி முனகினார்.

"பின்னணி சொல்லாம வெறும் பாட்டைப் போட்டா, மாப்பிள்ளை யாருன்னே தெரியாம கல்யாணச் சோறு சாப்பிட்ட மாதிரி இருக்கும் தம்பி!"

"சோறு நல்லா இருந்தாப் போதும்ணே."

கடைசி வரிக்கு வந்ததும் வெள்ளைத்துரையின் பேனா நின்றுவிட்டது. 'இதில் ராஜகுமாரியாகப் பாடியிருப்பவர் பெண் அல்ல. உசிலம்பட்டி கருத்தக்கண்ணன்.'

"யாரு? மாட்டுச் சந்தையில கொம்பு மாதிரி மீசையோட நிப்பாரே, அவரா?"

"அவரேதான். அப்ப மீசை கிடையாது. கட்டுனா இந்தப் பொண்ணைத்தான் கட்டணும்னு நான் மாலையும் கையுமா மேடைக்குப் பின்னாடி போனேன். ராஜகுமாரி சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, 'தீப்பெட்டி இருக்கா மாப்ள?'ன்னு கேட்டுச்சு."

வெள்ளைத்துரை சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. சரி, குரலை இன்னொரு தரம் கேட்போம் என்று பாட்டைப் போட்டார்.

பல்லவி முடியவில்லை. சாட்சாத் கருத்தக்கண்ணனே தலைதெறிக்கக் கடைக்குள் ஓடி வந்தார்.

"நிறுத்துங்கய்யா அதை!"

வெள்ளைத்துரை பட்டென்று நிறுத்தினார்.

"எம் மக ஜெயக்கொடிக்கு வில்லாபுரம் நல்லகாமன் வீட்டுல பேசி முடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு மைக் செட் பேசத்தான் சம்மந்தியோட வந்தேன். அவரு டீக்கடையில நிக்கிறாரு. பேரைக் கீரைப் போட்டுறாதீங்க!"

சந்தானம் எழுந்து நின்றார். "நீங்க பாடுனது வரலாறுங்க!"

"சம்மந்தி சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. பொண்ணோட அப்பன் சேலை கட்டி ஆடுனவன்னு தெரிஞ்சா, நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாரு. எம் மகளை விடவாய்யா உங்க வரலாறு பெருசு?"

அவ்வளவு பெரிய மீசை நடுங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை.

சந்தானம் தாளைப் பார்த்தார். வைகையை விட்டுக்கொடுக்கலாம், பாண்டியர்களையும் விட்டுக்கொடுக்கலாம். இந்த ஒரு வரிக்காகத்தானே அம்புட்டையும் எழுதினார்! ஆனாலும் ஒரு பெண்ணின் கல்யாணமாயிற்றே. பேனாவை வாங்கி அந்த வரியைத் தானே அடித்தார். புதுத் தாளில், 'பழைய நாடகப் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சின்னக் குறிப்பு அதுதான். வெள்ளைத்துரை அதை டப்பாவில் வைத்து மூடினார்.

அதற்குள் நல்லகாமன் வந்துவிட்டார்.

"என்னப்பா, பாட்டு டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. ஏன் நிறுத்துனீங்க? போடுங்க."

வேறு வழியில்லை. பாட்டு ஓடியது. நல்லகாமன் கண்ணை மூடி நின்று கேட்டார். கருத்தக்கண்ணன் கடைக்கு வெளியே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் நல்லகாமன் டப்பாவைத் திறந்து தாளைப் படித்தார். முகம் கறுத்தது.

"இதை எழுதுன மடையன் எவன்?"

சந்தானம் ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பின்னால் நகர்ந்தார்.

"பேர் தெரியலையாமில்ல, பேரு! நீங்களும் இதைப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா சம்மந்தி?"

கருத்தக்கண்ணனுக்கு வியர்த்து ஊற்றியது. "அது வந்து சம்மந்தி... ஏதோ எளந்தாரி வயசுல, தெரியாத்தனமா..."

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? எங்க வம்சத்துல தாலாட்டுப் பாடக்கூட ஒருத்தருக்கும் தொண்டை கெடையாது. இந்தக் குரல் ஒரு பேரப்புள்ளைக்காச்சும் வரட்டுமேன்னுதானே, வந்த சம்மந்தத்தையெல்லாம் தள்ளிட்டு உங்க வீட்டுல வந்து பொண்ணு கேட்டேன்!"