இரண்டாவது மந்திரம்

உச்சி வெயில் கிணற்றின் அடிவரை இறங்கட்டும் என்று சவுந்தரம் காத்திருக்கிறாள். தண்ணீர் இறைக்கும் இன்ஜின் குழாயின் அடிச் சல்லடையைப் பாசி அடைத்து மூன்று நாளாயிற்று. மேலே கரிசலில் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. நீச்சல் தெரியாத அவள் புருஷன் அமிர்தராஜ் கடைசிப் படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "ஒரு பரலோக மந்திரம் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்திரணும்" என்கிறான். கல்லொன்றை அணைத்துக்கொண்டு அவள் மூழ்குகிறாள். சுவர்க் கற்கள் வரிசை வரிசையாக மேலேறிப் போகின்றன. பொந்துக்குள்ளிருந்து ஒரு கெளுத்தி மீசையை நீட்டிப் பார்க்கிறது. அடியில் வெளிச்சம் பச்சையாக நிற்கிறது. கை கையாகப் பாசியைப் பிய்க்க, சல்லடைக் கண்கள் விரலில் தட்டுப்படுகின்றன. வேலை முடிந்தது. ஆனாலும் சுவரைப் பிடித்தபடி, தன் மூச்சு குமிழிகளாக வெயிலுக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே யாரும் அவளைக் கூப்பிட முடியாது.

அவள் மேலே வரும்போது அவன் முகம் வெளுத்திருக்கிறது. "ரெண்டாவது மந்திரத்துல பாதி போயிருச்சு, பாவி மகளே!"

"மொத மந்திரத்த ஓட்டமா ஓட்டியிருப்பீக."

அவன் சிரிக்கவில்லை. பாதியில் விடக்கூடாதென்று கண்ணை மூடி மீதியையும் சொல்கிறான். படியைப் பிடித்து மிதந்தபடி, அவனோடு சேர்ந்து அவளும் ஆமென் சொல்கிறாள். பிறகுதான் அவன் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பப் போகிறான்.