இரண்டாம் ஊசி

பனியன் கம்பெனி வாசலில் நர்ஸ் ஜஹானாரா பொருமிக்கொண்டு நின்றாள். போன மழைக்காலத்தில், முதல் ஊசியோடு நின்றுவிட்ட இருவரை இங்கிருந்துதான் காலரா கொண்டுபோனது.

“உள்ளே வந்தே ரெண்டாவது ஊசியைப் போட்டுர்றனுங்க. முப்பது பேருதானே?”

“மெஷின் நிக்கப்படாதுங்க. இங்கியே இருங்க, ஆளை அனுப்பறேன்” என்று உள்ளே போனார் முதலாளி ஆத்தப்பன்.

வந்தவள் ரங்காத்தாள் ஒருத்திதான். ஊசி போட்டதும் மறுகையையும் நீட்டினாள்.

“இதுலயும் போடுங்கக்கா.”

“உனக்கு ஒண்ணு போதும், கண்ணு.”

“முப்பது பேருக்கும் சேத்து என்னையே போட்டுக்கச் சொன்னாருங்க மொதலாளி. நான் கூட்டிப் பெருக்கறவதானுங்க, மெஷின்ல உக்கார்றதில்லை.”

ஜஹானாரா விறுவிறுவென்று உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

“ஏனுங்க, முப்பது பேர் தைக்கற பனியனையும் இவளே தைக்கட்டுங்களா?”